எட்டடி அறை

2-6-85, ஞாயிறு

விடியற்காலையிலிருந்து மழை. கூரையில் பாதி ஓடு இல்லை. நீலத் தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொள்கிறது. ஹாலில் மூன்று வாளி, ஒரு குண்டான். நிறைய நிறையக் கொண்டுபோய்க் கொட்டியதிலேயே காலை போயிற்று.

இந்த வாரம்:
– தார்ப்பாய்க்கு இன்னொரு கயிறு. லிம் தவுக்கேயிடம் கேட்க.
– ஐந்தாம் வகுப்புக் கணக்குத் தாள், 38. திருத்தியே ஆக வேண்டும்.
– செவ்வாய் மூன்று மணி, கார் ஓட்டப் பழக.
– மண்ணெண்ணெய்.
– அண்ணனைக் கேட்க: குளியலறைக்கு என்ன நிறம்?

அண்ணனே போன் செய்தார். ஷா ஆலத்தில் மழை இல்லையாம். "அப்படியா, கிள்ளான்ல மழையா?" என்று வெளிநாட்டுச் செய்தி கேட்பவர் மாதிரி கேட்டார். இருபது நிமிஷத் தூரம். அங்கே மழை இல்லை, ஆனாலும் மழையால் இன்று வர முடியாதாம்.

ஒரு தடவை ஒழுங்காக எழுதிவைக்கிறேன், பின்னால் எனக்கே சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள. அப்பா ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்து வாங்கிய வீடு இது. இடுப்பளவு செங்கல், அதற்கு மேல் பலகை. அப்பா போய்ப் பதினொரு வருஷம், அம்மா போய் ஆறு. அண்ணன் வேலை, கல்யாணம் என்று போனார். நான் எங்கும் போகவில்லை. தமிழ்ப் பள்ளியில் வேலை, மாலையில் இந்த வீடு. இப்போது அண்ணன் டிசம்பரில் ஓய்வு பெறுகிறார். ஷா ஆலம் அரசாங்க வீட்டைக் காலி செய்ய வேண்டும். மகன் மோகனுக்குப் பெண் பார்க்கிறார்கள். ஆகவே பழைய வீட்டைப் புதுப்பித்து எல்லோரும் ஒன்றாக இருப்பது என்று பேச்சு.

கிராண்ட், வீட்டுப் பத்திரம், எங்கள் இரண்டு பேர் பேரிலும் இருந்தது. அரசாங்கக் கடன் ஒரே பேரில் இருந்தால்தான் சுலபம் என்றார் அண்ணன். ஏப்ரலில் என் பாதியை அவர் பேருக்கு எழுதிக் கொடுத்தேன். நான் கேட்டது ஒன்றே ஒன்று: என் அறை எனக்கு. "இதக் கேக்கணுமா தனம்? பாத்துக்கலாம்" என்றார்.

8-6-85, சனி

வெயில். எட்டு மணிக்கே சுத்தியல். கான்ட்ராக்டர் லிம் தவுக்கே, சீன முதலாளி, அறுபது வயதிருக்கும். சின்ன வயதில் தோட்டத்து மளிகைக் கடையில் வேலை பார்த்தவராம். தமிழ் நன்றாகவே பேசுகிறார், தன் இஷ்டத்துக்கு.

"டீச்சர், இன்னிக்கு பலகை சுவரு கழட்டும்லா. உங்க சாமான் எல்லாம் தூக்கு."

தூக்கினேன். கட்டில், மேசை, அலமாரி, எல்லாம் சமையலறைப் பக்கம். ஹாலுக்கும் என் அறைக்கும் நடுவே இருந்த பலகைச் சுவர். அந்தப் பக்கம் அப்பா வானொலிச் செய்தி கேட்பார், இந்தப் பக்கம் பாடம் படித்துக்கொண்டே நானும் கேட்பேன். அம்மாவுக்குக் கடைசி இரண்டு வருஷம் ஹாலில்தான் படுக்கை. இடுக்கு வழியாக வரும் இருமலைக் கேட்டே தண்ணீரா மருந்தா என்று தெரிந்துகொள்வேன். கழற்ற ஒரு நாளாவது ஆகும் என்று நினைத்திருந்தேன். பத்து மணிக்குள் முடித்துப் பலகைகளைப் பின்னால் அடுக்கிவிட்டார்கள்.

கொஞ்சம் அழுதேன். குளியலறையில். இன்னும் நிறம் பூசாத குளியலறை.

பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு இருந்தது. ஐந்து நிமிஷம் தாமதமாகப் போனேன். தலைமுடியில் மரத்தூள் என்று ஒருத்தி எடுத்துவிட்டாள்.

16-6-85, ஞாயிறு

அண்ணன், அண்ணி, கூட ஒரு புது ஆள். பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் ஜோசியர், மனையடி பார்ப்பவர். அறையின் உள்ளளவு இத்தனை அடி என்றால் குடியிருப்பவருக்கு இன்ன பலன் என்று ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு விதி வைத்திருக்கிறார். கையில் டேப், கக்கத்தில் நோட்டு.

ஹால் பதினாலு அடி. உதட்டைப் பிதுக்கினார்.

"பதினாலு நஷ்டம்ங்க. இத்தன வருஷம் எப்படி இருந்தீங்க?"

அண்ணி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். எப்படி இருந்தோம். நன்றாகத்தான் இருந்தோம். அப்பா எழுபத்தொரு வயது வரை ஒரு நாள் ஆஸ்பத்திரியில் படுத்ததில்லை. அண்ணன் அந்த நஷ்ட ஹாலில் விழுந்து விழுந்து படித்துத்தான் அரசாங்க அதிகாரி ஆனார். சொல்லவில்லை.

என் அறை பன்னிரண்டு. அதுவும் ஆகாது, செல்வம் கரையுமாம். எப்படியும் செங்கல் சுவர் எழுப்பப் போகிறோம், அதை இரண்டடி என் பக்கம் தள்ளி எழுப்பினால் ஹால் பதினாறு, அறை பத்து. "ரெண்டுமே பிரமாதம்!" பதினாறுக்குப் பெரும் செல்வம். பத்துக்கு ஆடு மாடு பெருகும். கிள்ளான் டவுன் நடுவில், நாற்பத்தேழு வயது டீச்சருக்கு ஆடு மாடு.

"உனக்கும் நல்லதுதான் தனம்" என்றார் அண்ணன். மனக்கணக்காகக் கட்டிலையும் மேசையையும் வைத்துப் பார்த்தேன். பத்துக்குள் அடங்கும். இரண்டடிதானே. சரி என்றேன்.

எல்லோரும் போன பிறகு லிம் தவுக்கே மெதுவாக, "நீங்க சொன்னா நான் போடும். ஆனா டீச்சர், என் வீடும் பதினாலு அடிலா. இனிமே எப்படி தூங்கும்?"

25-6-85, செவ்வாய்

கார் பாடம், ஆறாவது. சொல்லிக்கொடுப்பவர் அந்தோணி. நல்ல மனிதர், ஆனால் நான் கியர் மாற்றும்போதெல்லாம் சிலுவை போட்டுக்கொள்கிறார்.

"டீச்சர், க்ளட்ச்ச மெதுவா விடுங்க. மெதுவா. ஐயோ, மெதுவா!"

பாசார் முன்னால் மூன்று தடவை எஞ்சின் நின்றது. என் பழைய மாணவன் ஒருவன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் காரைத் தள்ளிவிட்டான். "டீச்சர், இந்த வயசுல எதுக்கு?" என்று கேட்டான். யாராவது கொண்டுபோய் விட வேண்டும் என்று வாசலில் பையோடு நின்றே பாதி ஆயுள் போய்விட்டது, அதற்குத்தான். அவனிடம் சும்மா என்றேன்.

வீட்டுக்கு வந்தால் குழாயில் தண்ணீர் இல்லை. சிமெண்டு குழைக்கக் குழாயைத் திருப்பியிருக்கிறார்கள். முகம் கழுவாமல் தாள் திருத்தினேன். 38-இல் 11.

6-7-85, சனி

ஆடி பிறப்பதற்குள் சுவர் எழும்பிவிட வேண்டும் என்று அண்ணி தினமும் போன். எழும்பிவிட்டது. இன்று அளந்தோம். டேப்பின் ஒரு முனை லிம் தவுக்கே கையில், மறு முனை என் கையில். பதினாறு. மயிரிழை கூட அதிகம் இல்லை, குறைவும் இல்லை. மூன்று தடவை அளந்தேன்.

அண்ணனுக்குச் சொன்னேன். "நீ இருக்கறதாலதான் தனம் எனக்கு கவலையே இல்ல" என்றார். அந்த ஒரு வார்த்தையில் உச்சி குளிர்ந்துவிட்டது. என்ன புத்தியோ.

வேலையாட்களுக்குத் தேநீர் போட்டு, பிஸ்கட் வைத்துக் கொடுத்தேன். நாளை பூச்சு.

14-7-85, ஞாயிறு

மேகமூட்டம். ஜோசியர் மறுபடி. பூசிக் காய்ந்த சுவரில் டேப்பை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"பதினஞ்சு அடி பத்தரை இஞ்சு."

பூச்சு. இந்தக் கோடியில் முக்கால் இஞ்சு, அந்தக் கோடியில் முக்கால் இஞ்சு. நான் அளந்தது செங்கல்லுக்குச் செங்கல். மனையடியில் உள்ளளவு என்றால் பூசி முடித்த பிறகு இருக்கும் அளவு.

"முழுசா பதினாறு இல்லன்னா அது பதினஞ்சுக் கணக்குதாங்க. தொட்ட காரியம் கெடும்."

லிம் தவுக்கே என்னைப் பார்த்தார். "பூச்சு போட்டா குறையும்லா. டீச்சர் பெரிய படிப்பு, தெரியும்னு நெனச்சேன்." பூச்சைக் கொஞ்சம் சுரண்டிவிடலாம் என்றும் சொல்லிப் பார்த்தார். சுரண்டிய சுவர் மூளியாம், பதினைந்தை விட மோசமாம்.

அண்ணி: "அளக்கும்போது ஆம்பிளைங்க யாராச்சும் நின்னுருக்கணும்." லிம் தவுக்கே யாராம்? 

அடுத்து என் அறை. பத்து அடி இருக்க வேண்டியது, அங்கேயும் பூச்சால் ஒன்பது அடி பத்து. ஒன்பது பீடை. சுவரை ஹால் பக்கம் தள்ளினால் ஹால் இன்னும் குறையும். என் பக்கம் கொஞ்சம் தள்ளினால் அறை ஒன்பதிலேயே நிற்கும். ஜோசியர் நோட்டில் பென்சிலால் கூட்டிக் கழித்தார். பள்ளிக்கூடத்தில் எனக்கே ஒரு கணக்குக்கு இவ்வளவு நேரம் ஆனதில்லை. கடைசியில் முகம் மலர்ந்தது.

"ஒரே வழி. ஹாலை பதினேழு ஆக்கிடுவோம், ராஜ வாழ்க்கை. அறை எட்டு. எட்டும் யோகம்தான்."

"எட்டடியில கட்டில் போட்டா மேசைக்கு எடமில்ல" என்றேன்.

அண்ணன் சட்டையில் ஒட்டிய சிமெண்டுத் தூசியைத் தட்டிக்கொண்டே, "பாத்துக்கலாம் தனம்."

 தப்பு செய்தவள் நான். நான் ஒழுங்காக அளந்திருந்தால் பத்தடி இருந்திருக்கும். சாயங்காலமே உடைக்க ஆரம்பித்துவிட்டார்கள், ஆடி பிறந்துவிடுமே. ஒரு வாரத்துச் சுவர், அப்பாவின் பலகையை விட லேசாக விழுந்தது.

15-7-85, திங்கள்

பள்ளியில் ஒரு பெண்ணைத் திட்டிவிட்டேன். 'மீதி எவ்வளவு' என்ற கேள்விக்குக் கூட்டி எழுதியிருக்கிறாள். கேள்வியை இரண்டு தடவை படிக்கச் சொன்னேனா இல்லையா என்று கத்தினேன். விசும்பி விசும்பி அழுதாள். எனக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று ஆசிரியர் அறையில் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது.

வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். ஏப்ரலில் போட்ட கையெழுத்தின் நகல். வக்கீல் ஆபீஸில் மேசைக்கு அந்தப் பக்கம் அண்ணன் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பக்கம் பக்கமாகப் போட்டேன். இன்றுதான் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். அறை என்ற பேச்சே இல்லை. எப்படி இருக்கும்? கூடப் பிறந்தவரிடம் யார் அதை எழுதி வாங்குவார்கள்?

28-7-85, ஞாயிறு

புதுச் சுவர், புதுப் பூச்சு. ஹால் பதினேழு அடி ஒரு இஞ்சு. என் அறை எட்டு அடி சொச்சம். ஜோசியருக்குப் பரம திருப்தி. இந்த முறை அளந்தவர் மோகன், ஆம்பிளை.

நான் உள்ளே கட்டிலை எந்தப் பக்கம் போடலாம் என்று சாக்பீஸால் தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணி வந்து அறை நடுவில் நின்றாள். கிழக்கு ஜன்னலைப் பார்த்தாள். அப்படியே கை கூப்பினாள்.

"ஜோசியர் இப்பதான் சொன்னாரு. கிழக்கு பாத்த எட்டடி சாமி ரூமுக்கு அவ்வளோ விசேஷமாம். தேடினாலும் இப்படி அமையாதாம்."

நான் கோட்டுக்குள் நின்றுகொண்டிருந்தேன்.

"நான் எங்க அண்ணி படுக்கறது?"

"பின்னால ஸ்டோர் இருக்கே தனம், காத்தோட்டமா. அளவு கூட பதினொண்ணு, நல்ல அளவு. உங்களுக்கு தெனம் சாமி கும்புட இங்க வசதியா இருக்கும்ல?"

அண்ணி நல்லவள், அதுதான் தொல்லை. கெட்டவளாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டு முடித்திருப்பேன். அம்மா படுத்திருந்தபோது மாதம் ஒரு முறை வந்து தலை வாரிவிட்டுப் போவாள். சொல்லும்போது கண் கலங்கியிருந்தது, பக்தியில்.

காற்றோட்டம் என்றால் கூரைக்குக் கீழே வரிசையாக ஆறு ஓட்டை. ஜன்னல் கிடையாது. இப்போது உள்ளே பெயிண்டு டின்களும் மோகனின் பழைய மோட்டார் சைக்கிளும் இருக்கின்றன.

அண்ணனிடம் சண்டை போடலாம். அண்ணியிடம் போடலாம். முருகனிடம் போய் என்ன சொல்வது, இது என் அறை, கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் என்றா? நைசாக என் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறார்கள். அரைத்தது யார் என்று மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஜோசியரா, அண்ணியா, டேப்பைப் பிடித்த நானா?

10-8-85, சனி

வெயில் கொளுத்தல். பஸ் பிடித்து ஷா ஆலம் போனேன். அண்ணன் தனியாக இருக்கும் நேரம் பார்த்து. வழியெல்லாம் ஒத்திகை. என் பள்ளிப் பிள்ளைகள் பேச்சுப் போட்டிக்குப் போவது மாதிரி.

"ஏப்ரல்ல என்ன சொன்னீங்க அண்ணே?"

"எதப் பத்தி?"

"என் ரூமப் பத்தி."

பேப்பரை மடித்து வைத்தார். "சொன்னேன்தான். இப்ப என்ன, உன்ன வீட்ட விட்டா போகச் சொன்னேன்? மொத்த வீடும் உன்னோடதுதான் தனம். எங்க வேணாலும் படு."

"எனக்கு மொத்த வீடு வேணாம். ஒரு ரூம் போதும்."

"மோகனுக்கு கல்யாணம் ஆவப் போவுது. வர்ற பொண்ணு என்ன நெனைக்கும், சாமிய எடுத்துட்டு அத்தைக்கு கட்டில் போட்டிருக்காங்கன்னு? இப்ப எதுவும் பேசாத. பால் காச்சி முடியட்டும், பாத்துக்கலாம்."

நாற்பது வருஷமாகப் பாத்துக்கலாம். எனக்கு ஒரு வரன் வந்தபோதும் பாத்துக்கலாம். பார்த்துக்கொள்வதற்குள் அந்த ஆள் ஈப்போவில் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார். அதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை, அப்போது எனக்கு ஓர் அறை இருந்தது.

கிளம்பும்போது ஒரு பொட்டலம் கொடுத்தார். அப்பம் பாலிக், வேர்க்கடலை நிறையப் போட்டது. "உனக்குப் பிடிக்குமேன்னு காலையிலயே வாங்கி வெச்சேன்." பஸ் ஸ்டாப்பில் நின்று சாப்பிட்டேன். ருசியாகவும் இருந்தது. அதுதான் இன்னும் எரிகிறது.

21-8-85, புதன்

டிரைவிங் டெஸ்ட். பாஸ்!

மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது பின்னால் ஒரு இஞ்சு கூடப் போகவில்லை. அந்தோணிக்கே நம்பிக்கை இல்லை, "மாதாவே" என்றார். பள்ளியில் சொன்னதும் கைதட்டினார்கள். தலைமையாசிரியர், "சரி டீச்சர், தேர்வுக்கு இன்னும் எத்தனை வாரம் தெரியுமில்ல?" என்றார். தெரியும்.

வீட்டில் சொல்ல லிம் தவுக்கேதான் இருந்தார். ஏணி மேல் நின்று கூரைப் பலகைக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்.

"லைசன்ஸ் இருக்கு, காடி இல்லை. பரவால்லலா டீச்சர், எல்லாம் ஒண்ணு ஒண்ணா வரும்."

கீழே இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டு கைகுலுக்கினார். பிறகு, "டீச்சர், நான் ஒண்ணு கேட்கும், கோவிக்காதே. பிளான்ல உங்க கட்டில் எங்க?"

பெயிண்டு வாசனை தலைவலி என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

24-8-85, சனி

காலை பத்து மணி. நான் சமையலறையில், தலையில் துண்டு கட்டிக்கொண்டு, புது அலமாரியில் அம்மாவின் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் கார். அண்ணன் பட்டுச் சட்டை, அண்ணி பட்டுப் புடவை. யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ போகிற வழியில் எட்டிப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன்.

கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்கள். அண்ணி கையில் தாம்பாளம். வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள், குங்குமம், மேலே ஒரு அழைப்பிதழ். என் பேர் எழுதி, மூலையில் மஞ்சள் தடவி.

"வீட்டுக்காரரோட கூடப் பொறந்தவங்களுக்குத்தான் முதல் பத்திரிகை. மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல? நீங்க அவசியம் வந்து பால் காச்சிக் குடுக்கணும் தனம்."

வந்து.

"எங்கேர்ந்து வரணும் அண்ணி?"

கேலி என்று நினைத்துச் சிரித்தாள். கேலி இல்லை. அதற்கும் பதில் தயாராக இருந்தது: முதல் நாள் வீட்டைக் கழுவிப் பூட்டி வைக்க வேண்டும், உள்ளே யாரும் இருக்கக் கூடாது என்று ஐயர் சொல்லியிருக்கிறார். ஆகவே நான் வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்து பிரிக்ஃபீல்ட்ஸில் கமலா டீச்சர் வீட்டுக்குப் போய் இருந்துவிட்டு, ஞாயிறு காலை வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை புது வீடு புக ஆகாது என்றது சாஸ்திரம், மற்ற நாளில் லீவு கிடையாது என்றது ஆபீஸ். ஆபீஸ் ஜெயித்திருக்கிறது. என் அறைக்கு மட்டும் சாஸ்திரத்தில் விலக்கு இல்லை.

தாம்பாளத்தை இரண்டு கையாலும் வாங்கினேன். குங்குமம் வைத்துவிட்டாள். அப்புறம்தான் உள்ளே வந்தார்கள். நான் "வாங்க" என்றேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை தானாக வந்தது. காபி போட்டுக் கொடுத்தேன்.

31-8-85, சனி

பிரிக்ஃபீல்ட்ஸ். தெருவெல்லாம் கொடி, சுதந்திர தினம். கமலாவும் நானும் பயிற்சிக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். கணவர் போன பிறகு தனியாக இருக்கிறாள். ரயில் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்துகிறாள், போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"உன் தப்பு என்ன தெரியுமா? இஞ்ச் கணக்கு இல்லடி. அஞ்சு மாசத்துல ஒரு நாளாச்சும் நீ ஓன்னு கத்திருக்கணும். நீ தேத்தண்ணி போட்டுக் குடுத்துக்கிட்டு இருந்த."

"அண்ணன்டி."

"அண்ணன்தான். அதான் கத்தணும். யாரோ எவனோன்னா வக்கீல்கிட்ட போலாம்."

முன் அறை காலியாக இருக்கிறது, வந்துவிடு என்றாள். பள்ளிக்கூடம் கிள்ளானில் இருக்கிறதே என்றேன். லைசன்ஸ் வாங்கியிருக்கியே என்றாள். "அது என் வீடு கமலா" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல, அவள் கீரையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

நாளைக்கு: வெளிர் மஞ்சள் புடவை. அண்ணிக்கு மல்லிகை வாங்க. டாக்சி ஐந்து மணிக்கு.

1-9-85, ஞாயிறு

பென்சிலில் எழுதுகிறேன். பேனா கைப்பையில் இல்லை.

ஆறு மணிக்கு டாக்சியில் போய் இறங்கினேன். வாழைமரம், மாவிலை, கேட்டில் மோகன் பன்னீர் தெளித்தான். "வாங்க அத்தை, வாங்க." எத்தனையோ வருஷம் நான் திறந்து மூடிய கேட்டு. பெயிண்டு இன்னும் கையில் ஒட்டுகிறது.

ஐயர் அவசரத்தில் இருந்தார், இன்னொரு வீடு இருக்கிறதாம். "கிருகஸ்தரோட சகோதரி எங்கே? வாங்கோ." புது அடுப்பு, புதுப் பித்தளைப் பானை. பற்றவைத்தேன். சமையலறை நிறைய ஆட்கள், அண்ணன் ஆபீஸ்காரர்கள், உறவுக்காரர்கள். பால் பொங்கிக் கிழக்குப் பக்கம் வழிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். பால் காய்ச்சிய சகோதரி கேட்பதை வீட்டுக்காரர் கொடுக்க வேண்டும். மோதிரம், கம்மல் என்று ஏதாவது கேட்பார்கள். கேட்பதும் விளையாட்டு, கொடுப்பதும் விளையாட்டு. அண்ணன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, சிரித்த முகமாக, எல்லோருக்கும் கேட்கும்படி:

"சொல்லு தனம், என்ன வேணும்?"

"காடி கேளுங்க டீச்சர்!" என்று யாரோ கத்தினார்கள்.

"என் ரூம் வேணும்" என்றேன்.

ஒரே சிரிப்பு. "டீச்சருக்கு எப்பவும் தமாஷ்தான்." அண்ணனும் சிரித்தார். கண் மட்டும் அடுப்பைப் பார்த்தது. அண்ணி சிரிக்கவில்லை. ஐயர், "நாழியாறது" என்றார். கிளிப்பச்சைப் பட்டுப் புடவை என் கையில் வந்து விழுந்தது. போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் நான் சிரித்திருப்பேன், பழக்கம்.

பந்தியில் பக்கத்து இலையில் அண்ணன் ஆபீஸ் நண்பரின் மனைவி. நல்ல பெண். பாயசத்தை என் பக்கம் நகர்த்திவிட்டு, "வீடு ரொம்ப அழகா இருக்குல்ல ஆன்டி? நீங்களும் இன்னிக்குத்தான் மொத தடவையா பாக்கறீங்களா?"

"ஆமாம்மா" என்றேன்.

இலையை மடித்தேன். கை கழுவினேன். நேராக இங்கே வந்தேன்.

சாமி ரூமுக்கு மணி வைத்த புதுக் கதவு இன்னும் வந்து சேரவில்லை. என் பழைய கதவுதான் இருக்கிறது, உள்தாழ்ப்பாளோடு. போட்டுவிட்டேன். கிழக்குச் சுவரில் முருகன், லட்சுமி, பிள்ளையார். விளக்கு எரிகிறது. பழத்தட்டையும் பூவையும் ஓரமாக நகர்த்தி வைத்தேன். சாமிக்கு மரியாதை குறையாமல் தலையை அந்தப் பக்கம் வைத்து, காலை மேற்கே நீட்டிப் படுத்தேன். புது மொசைக் தரை ஜில்லென்று இருந்தது. அறை எட்டடி, நான் ஐந்தடி. தாராளமாக இருக்கிறது. மூன்று மாதத்தில் இன்றுதான் அசந்து தூங்கினேன்.

இப்போது மணி நாலு. அரை மணியாகத் தட்டுகிறார்கள்.

அண்ணி, கதவிடுக்கில் கண்ணை வைத்து: "சாமி ரூம்ல யாராச்சும் கால நீட்டிப் படுப்பாங்களா? நைவேத்தியம் உள்ள இருக்கு, ஆளுங்க கேக்கறாங்க!"

மோகன்: "அத்தை, ஒடம்பு சரியில்லையா?"

 அப்புறம் அண்ணன். கதவுக்கு மிக அருகில், தாழ்ந்த குரலில், பட்டுச் சட்டை பலகையில் உரசுகிற சத்தம் கூடக் கேட்கிறது.

"தனம். தொற. ஆபீஸ் ஆளுங்கல்லாம் இருக்காங்க. உனக்கு என்னதான் வேணும்? சொல்லு."

இந்தத் தடவை சிரிக்காமல் கேட்கிறார். அவர் குரலைக் கேட்டதும் எழுந்து போய்த் திறக்கச் சொல்கிறது உடம்பு, இத்தனை வருஷப் பழக்கம். படுத்தே இருக்கிறேன்.